அப்டேட் போட்ட பெட்டி திரும்பி வரவில்லை என்றால்

உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கத்துக் கிணற்று மோட்டார் ரூம்களிலும் கண்மாய் மடைகளிலும் இப்போது சின்னச் சின்ன கன்ட்ரோலர் பெட்டிகள் மாட்டப்படுகின்றன. போனிலிருந்து மோட்டாரை ஓட விடுவது, தண்ணீர் மட்டம் பார்ப்பது, சொட்டுநீர் வால்வைத் திறப்பது அவற்றின் வேலை. உள்ளே ஒரு ஈஎஸ்பி32 சிப்போ ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் போர்டோ இருக்கும். கூடவே ஒரு 4ஜி மாடம், ஒரு சிம். மதுரையில் உட்கார்ந்தபடி இவற்றுக்கு அப்டேட் அனுப்பலாம். சில பெட்டிகள் அப்டேட்டை வாங்கிக்கொண்டு ரீபூட் ஆகும், அதன்பிறகு சர்வர் பக்கமே வராது. அந்தப் பெட்டிகளை மீட்பது பற்றித்தான் இந்தப் பதிவு.

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. தோட்டத்துக்காரருக்கு போன் பண்ணி ஸ்டார்ட்டரை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பெட்டி செத்துக் கிடந்தாலும் பச்சை பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும். அந்த செலக்டர் சுவிட்ச் இல்லாத பேனலுக்கு ரிமோட் அப்டேட் அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாம் கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை மல்லிகையும் வாழையும் காத்திருக்காது.

இரண்டாவது, மற்ற பெட்டிகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் அப்டேட்டை அப்படியே நிறுத்துங்கள். வரிசையில் காத்திருக்கும் பெட்டிகளுக்கு மட்டுமல்ல, இறக்கி வைத்துவிட்டு ரீபூட்டுக்காக இரவு வரை காத்திருக்கும் பெட்டிகளுக்கும் ரத்து உத்தரவு போக வேண்டும். இந்த இரண்டாம் வகையை மறந்துவிடுவது சுலபம்.

மூன்றாவது, அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். "கரண்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரே ஸ்லாட் (சிஸ்டம் வைக்கும் இடம்) உள்ள பெட்டி இன்னும் ஃபிளாஷ் மெமரியில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் கரண்டை வெட்டினால் பாதி எழுதிய சிஸ்டம்தான் மிஞ்சும். பழையதும் புதியதுமாக இரண்டு ஸ்லாட் உள்ள லினக்ஸ் பெட்டி பொதுவாக மூன்று தடவை பூட் ஆகிப் பார்த்துவிட்டுத்தான் பழைய சிஸ்டத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு தடவையும் மாடம் டவரைப் பிடிக்க ஓரிரு நிமிடம் போகும். அவசரப்பட்டு நாம் கொடுக்கும் ஒவ்வொரு பவர் கட்டும் ஒரு பூட் முயற்சியாகவே கணக்காகும். நல்ல அப்டேட்கூட அதனால் கழித்துக் கட்டப்பட்டுவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் சர்வர் பக்கம் பாருங்கள். பெட்டி கடைசியாக என்ன சொன்னது? இறக்கி முடித்ததா, கையெழுத்தும் ஹாஷும் சரிபார்த்ததா, ஸ்லாட் மாற்றினேன் என்றதா? பிறகு சிம் கம்பெனியின் போர்ட்டலைத் திறந்து அந்த சிம்மின் டேட்டா செஷனைப் பாருங்கள். ரீபூட்டுக்குப் பிறகு புது செஷன் தொடங்கி அதில் டேட்டாவும் போயிருந்தால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஓடுகிறது, மாடம் வேலை செய்கிறது, ஏபிஎன் (சிம்மின் இணைய வாசல் பெயர்) சரி. கோளாறு மேலடுக்கில், பெரும்பாலும் இங்கிருந்தே சரிசெய்யலாம். செஷன் சில நிமிடத்துக்கு ஒருமுறை தொடங்கி அறுந்தால் பெட்டி ரீபூட் சுழலில் இருக்கிறது. செஷனே இல்லையென்றால் பூட் ஆகவில்லை, அல்லது புது சிஸ்டத்தில் மாடத்தின் டிரைவரோ ஏபிஎன் அமைப்போ விட்டுப்போயிருக்கிறது. வண்டியைக் கிளப்பும் முன் இந்த மூன்றில் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடிகாரம் செய்யும் வேலை

செஷன் இருக்கிறது, ஆனால் பெட்டி பேசவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கடிகாரத்தை. ராஸ்பெர்ரி பை 4 வரை போர்டில் கடிகாரச் சிப்பே கிடையாது. பை 5-இல் உண்டு, அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். கடிகாரம் இல்லாத போர்டு, கடைசியாக ஃபைலில் எழுதி வைத்த நேரத்திலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் தலைமை நிரல்) நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டியில் அந்த ஃபைல் 'வார்' டைரக்டரிக்குள் இருக்கிறது. புது ஸ்லாட் தனக்கென்று தனி 'வார்' வைத்திருந்தால் அந்த நேரம் அங்கே இல்லை. பெட்டி சிஸ்டம் தயாரான தேதிக்கோ நேராக 1970-க்கோ போய்விடும். அப்போது சர்வரின் அடையாளத்தைக் காட்டும் டிஎல்எஸ் சர்டிஃபிகேட் அதன் கண்ணுக்கு இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத ஒன்று. இணைப்பை அது மறுக்கும்.

வயர்கார்டு என்ற விபிஎன் டனல் வைத்திருப்பவர்களுக்கு இதே கோளாறு வேறு வழியில் வரும். வயர்கார்டு இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கில் ஒவ்வொரு முறையும் நேரமுத்திரை போகிறது. முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வந்தால் எதிர்முனை பதிலே சொல்லாது. பழைய பாக்கெட்டைப் பிடித்து மறுபடி அனுப்பும் திருட்டைத் தடுக்க வைத்த பாதுகாப்பு அது. பெட்டியின் கடிகாரம் பின்னால் போனதால் நம் பெட்டியையே திருடன் என்று நினைத்துவிடுகிறது. நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியும் அந்த டனல் வழியாகத்தான் போக வேண்டும் என்று அமைத்திருந்தால் முடிச்சு இறுகிவிடும்: டனல் இல்லாமல் நேரம் வராது, நேரம் வராமல் டனல் வராது.

இதற்குப் பெட்டியிடம் போகவே வேண்டாம். சர்வரில் அந்தப் பெட்டிக்கான பியர் பதிவை நீக்கிவிட்டு அதே கீயோடு மறுபடி சேருங்கள். சர்வர் வைத்திருந்த பழைய நேர ஞாபகம் அழிந்துவிடும். பெட்டி அடுத்த முறை கதவைத் தட்டும்போது உள்ளே வந்துவிடும். கீப்அலைவ் 25 விநாடி என்று வைத்திருந்தால் அது தானாகவே தட்டிக்கொண்டிருக்கும். வந்ததும் நேரத்தைச் சரிசெய்துவிட்டு, என்டிபியை டனலுக்கு வெளியே போக விடுங்கள். நிரந்தரத் தீர்வு ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சிப்பும் ஒரு சிஆர்2032 பேட்டரியும். கடைசி நேர ஃபைலை இரண்டு ஸ்லாட்டுக்கும் பொதுவான டேட்டா பார்ட்டிஷனில் வைப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

இன்னொன்று. பெட்டி பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பும்போது எந்த சர்வரை நம்பலாம் என்று சொல்லும் பழைய ரூட் சர்டிஃபிகேட்டுகளும் திரும்பி வருகின்றன. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற ரூட் சர்டிஃபிகேட் காலாவதியானபோது, ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 வைத்திருந்த பழைய கருவிகள் பல லெட்ஸ் என்கிரிப்ட் தளங்களோடு பேச முடியாமல் நின்றன. புது சிஸ்டத்தில் எல்லாம் சரியாக இருந்தும், பின்வாங்கிய இடத்தில் மாட்டிக்கொள்ளும் பெட்டி இந்த வகை. அப்டேட் சர்வருக்கு மட்டுமாவது, நீண்ட ஆயுள் உள்ள சொந்த ரூட் சர்டிஃபிகேட் ஒன்றை பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது.

போனில் கேட்க வேண்டியது

இங்கிருந்து எதுவும் நடக்கவில்லை என்றால் அடுத்தது பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மனிதர். அவரிடம் கேட்கும் கேள்வி கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

"அண்ணே, மூடியத் தொறக்க வேணாம். கண்ணாடி வழியா பாருங்க. நீல லைட்டு ரொம்ப நேரம் எரிஞ்சு லேசா அணையுதா, இல்ல லேசா எரிஞ்சு ரொம்ப நேரம் அணைஞ்சு கெடக்குதா?"

"லேசா ஒரு மின்னு மின்னுது தம்பி, அப்புறம் அணைஞ்சே கெடக்கு."

இந்த ஒரு பதில் போதும். குவெக்டெல் ஈசி25 மாடத்தில் நெட்வொர்க் லைட் 0.2 விநாடி எரிந்து 1.8 விநாடி அணைந்தால் டவரைத் தேடுகிறது. 1.8 விநாடி எரிந்து 0.2 விநாடி அணைந்தால் பதிவாகி சும்மா இருக்கிறது. படபடவென்று மின்னினால் டேட்டா போகிறது. தேடிக்கொண்டே இருந்தால் ஆன்டெனா, சிம், டவர் பக்கம் பார்க்க வேண்டும். சும்மா இருந்தால் நம் சாஃப்ட்வேர் மாடத்தைக் கூப்பிடவே இல்லை. வாட்ஸ்அப்பில் 20 விநாடி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் இன்னும் தெளிவு.

இப்போது கரண்டை வெட்டிப் பார்க்கலாம். ஆனால் பேட்டரி பேக்அப் உள்ள பெட்டியில் எம்சிபியை இறக்கினாலும், பியூஸ் கட்டையைப் பிடுங்கினாலும் போர்டு அணையாது. தோட்டத்துக்காரர் ஆஃப் பண்ணிவிட்டேன் என்பார், போர்டு உள்ளே அசையாமல் அதே நிலையில் நிற்கும். லைட் எல்லாம் அணைந்ததா என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகு ஒரு முழு நிமிடம் விட்டு ஆன் பண்ணச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர்கள் இறங்காமல் ஆன் பண்ணினால் மாடம் ரீசெட் ஆகாமலே இருந்துவிடும்.

எஸ்எம்எஸ் அனுப்பி ரீசெட் செய்யும் வசதி வைத்திருப்பவர்கள் அதைப் போடும் அன்றே சோதித்துவிட வேண்டும். கருவிகளுக்கென்றே தரும் 13 இலக்க எம்2எம் சிம்களில் முன்கூட்டியே பதிவு செய்த எண்களிலிருந்துதான் செய்தி போகும். தோட்டத்துக்காரரின் சொந்த போனிலிருந்து போகாது. 2ஜி இல்லாத நெட்வொர்க்கில் மாடத்தின் ஐஎம்எஸ் (4ஜி வழியே கால், எஸ்எம்எஸ் போகும் வழி) அமைப்பு சரியில்லை என்றாலும் செய்தி வந்து சேராது. இதைவிட நான் நம்புவது, மெயின் போர்டோடு சேராத ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். மெயின் போர்டிலிருந்து 24 மணி நேரம் "சர்வரோடு பேசிவிட்டேன்" என்ற சிக்னல் வரவில்லை என்றால் 30 விநாடி மொத்த பவரையும் வெட்டிவிட்டுக் கொடுப்பது மட்டும் அதன் வேலை. அதற்கு ஒருநாளும் ரிமோட் அப்டேட் போடக்கூடாது.

நேரில் போகும்போது

பையில் இருக்க வேண்டியவை: 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் இரண்டு, ஜம்பர் வயர், மல்டிமீட்டர், டெஸ்டர், சிஸ்டம் ஏற்றித் தயாராக வைத்த எஸ்டி கார்டு இரண்டு, வேலை செய்யும் மாற்று சிம், 12 வோல்ட் பேட்டரி ஒன்று, முழு சார்ஜில் லேப்டாப். டவர் இல்லாத இடமாக இருக்கலாம், ஆகவே எல்லா இமேஜும் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும்.

அதே பேனலுக்குள் 415 வோல்ட் மூன்று பேஸ் இருக்கிறது. மெயினை இறக்கி, மூன்று பேஸையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே கை. போர்டை பேனலின் சப்ளையிலிருந்து கழற்றி, கொண்டுபோன பேட்டரியில் ஓட்டுங்கள். லேப்டாப்பை அங்கிருக்கும் பிளக்கில் சொருகாதீர்கள். மோட்டார் ரூம் எர்த்தை நம்பி சீரியல் வயர் கொடுத்தால் கன்வெர்ட்டரும் போர்டும் சேர்ந்து போகும். மாட்ட வேண்டியது கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்று மட்டும். கன்வெர்ட்டரின் பவர் பின்னை மாட்ட வேண்டாம்.

ஈஎஸ்பி32 என்றால் வேகம் 115200. திரையில் 'இன்வேலிட் ஹெடர்' என்ற வரியும் அதன் பின்னால் வரிசையாக எஃப் எழுத்தும் வந்தால் அந்த இடத்தில் ஃபிளாஷ் காலி: அழித்தாயிற்று, எழுதவில்லை. 'பிரவுன்அவுட்' என்று வந்தால் சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள், சப்ளையைப் பாருங்கள். ஜிபிஐஓ 0 பின்னை கிரவுண்டில் வைத்து ரீசெட் கொடுத்தால் டவுன்லோட் மோடுக்குப் போகும். போனதும் எதையும் எழுதாதீர்கள். முதலில் முழு ஃபிளாஷையும் ஈஎஸ்பிடூலால் படித்து ஃபைலாக எடுத்து வையுங்கள். 4 எம்பி ஃபிளாஷுக்கு 115200 வேகத்தில் 6 நிமிடத்துக்கு மேல் ஆகும், 460800-இல் ஒன்றரை நிமிடம். ஏன் செத்தது என்பதற்கான சாட்சி முழுவதும் அந்த ஃபைலில்தான் இருக்கிறது.

பிறகு, எந்த ஸ்லாட்டிலிருந்து பூட் ஆவது என்று குறித்திருக்கும் ஓடிஏ டேட்டா பகுதியை மட்டும் அழியுங்கள். அளவு ஹெக்ஸ் 2000. ஈஎஸ்பி32 தயாரிப்பாளரின் ஐடிஎஃப் கருவித்தொகுப்பின் வழக்கமான இரண்டு ஓடிஏ அமைப்பில் ஹெக்ஸ் டி000-இலும், ஆர்டுயினோவின் இயல்பான அமைப்பில் ஹெக்ஸ் இ000-இலும் தொடங்கும். உங்கள் பார்ட்டிஷன் டேபிளைப் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அது அழிந்ததும் சிப் ஃபேக்டரி பகுதிக்குப் போகும், ஃபேக்டரி இல்லையென்றால் முதல் ஓடிஏ பகுதிக்கு. மொத்த ஃபிளாஷையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் ஹெக்ஸ் 9000-இல் இருக்கும் என்விஎஸ் (அமைப்புகளைச் சேமிக்கும் பகுதி) போய்விடும். பெட்டியின் அடையாளக் கீ, சென்சார் அளவுத் திருத்தம், மோட்டாரின் கரண்ட் வரம்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிஸ்டத்தை எத்தனை தடவையும் ஏற்றலாம். அந்த எண்களைத் தோட்டத்தில் வைத்து மறுபடி எடுப்பது பெரும்பாடு.

யூ-பூட் என்ற பூட்லோடர் (சிஸ்டத்தை எழுப்பும் முதல் நிரல்) உள்ள லினக்ஸ் போர்டில், எண்ணிக்கை ஓடும்போது ஒரு கீயை அழுத்தி நிறுத்தி, என்விரான்மென்ட் மாறிகளை அச்சிட்டுப் பாருங்கள். எந்த ஸ்லாட், பூட்கவுண்ட் (பூட் முயற்சி எண்ணிக்கை) எத்தனை, அப்கிரேட் அவைலபிள் (இன்னும் சோதனையில் இருக்கும் அப்டேட் உண்டா) 1-ஆ 0-ஆ என்பது தெரியும். ஸ்லாட்டை மாற்றி, சேமிக்காமல் ஒரு தடவை பூட் செய்யுங்கள். ஒழுங்காக எழுந்தால்தான் சேமிக்க வேண்டும். கெட்ட நிலையைச் சேமித்துவிட்டால் திரும்பும் வழியையும் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

எஸ்டி கார்டு பெட்டியில் எழுதினால் எழுதியதாகச் சொல்லும், ரீபூட் செய்தால் பழையபடியே இருக்கும் என்ற நிலை வந்தால் கார்டு தேய்ந்து வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. அதோடு மல்லுக்கட்டாமல் மாற்றுங்கள். பழைய கார்டை டிடிரெஸ்க்யூ வைத்துப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

தானாகத் திரும்பி வர என்ன வேண்டும்

ரீபூட் ஆகிவிட்டது என்பதை அப்டேட் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும் வடிவமைப்புதான் இந்தப் பயணங்கள் பலவற்றுக்குக் காரணம். புது சிஸ்டம் எழுந்து, மாடத்தைப் பிடித்து, சர்வருக்குச் செய்தி அனுப்பி, பதில் வாங்கி, சென்சாரை ஒருமுறை படித்த பிறகுதான் தன்னை நல்லது என்று குறித்துக்கொள்ள வேண்டும். யூ-பூட்டில் அப்போதுதான் அப்கிரேட் அவைலபிள் 0 ஆகி பூட்கவுண்டும் 0 ஆக வேண்டும். அதுவரை ஒவ்வொரு பூட்டுக்கும் எண்ணிக்கை ஏறும். பூட்லிமிட் 3-ஐத் தாண்டினால் ஆல்ட்பூட் கட்டளை பழைய ஸ்லாட்டை எழுப்பும். ஈஎஸ்பி32-இல் பழையதுக்குத் திரும்பும் ரோல்பேக் வசதியை பில்ட் செய்யும்போதே இயக்கி வைத்து, சர்வர் பதில் வந்த பிறகு செயலி செல்லுபடியாகும் என்று குறிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். மெயின் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அதைக் கூப்பிட்டுவிட்டால் ரோல்பேக் இருந்தும் இல்லாததுதான். ஆர்ஏயூசி, எஸ்டபிள்யூஅப்டேட், மெண்டர் ஆகிய அப்டேட் கருவிகளில் எதைப் பயன்படுத்தினாலும் எதை வெற்றி என்று சொல்வது என்ற முடிவு நம்முடையது.

டவர் போயிருக்கும் நேரத்தில் நல்ல அப்டேட்டும் பின்வாங்குமே என்று கேட்கலாம். பின்வாங்கட்டும். பழைய சிஸ்டத்தோடு ஆன்லைனில் இருக்கும் பெட்டிக்கு நாளை மறுபடி அனுப்பலாம்.

குறித்த நேரத்துக்குள் சிக்னல் வராவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் வைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எஃப்எஸ்டேபில் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) உள்ள ஒரு பார்ட்டிஷன் மவுன்ட் ஆகவில்லை என்றால் சிஸ்டம்டி எமர்ஜென்சி நிலைக்குப் போய், யாராவது கீபோர்டில் தட்டுவார்கள் என்று காத்திருக்கும். அங்கே கீபோர்டும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் சிஸ்டம்டி உயிரோடு இருப்பதால் வாட்ச்டாக்குக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்கும். ரீசெட் நடக்கவே நடக்காது. பூட்டுக்குத் தேவையில்லாத எல்லா மவுன்டுக்கும் 'நோஃபெயில்' போடுங்கள். எமர்ஜென்சி நிலைக்குப் போனால் சில நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி அந்த சர்வீஸை மாற்றுங்கள். கெர்னல் பேனிக் (மீள முடியாத கோளாறு) வந்தால் இயல்பாக அப்படியே நின்றுவிடும். கட்டளை வரியில் பேனிக் மதிப்பை 10 என்று வைத்தால் 10 விநாடியில் ரீபூட் ஆகும். வாட்ச்டாக்கை யூ-பூட்டிலேயே தொடங்குவதும் அவசியம், இல்லையென்றால் கெர்னல் தொடக்கத்திலேயே தொங்கினால் காவலுக்கு யாரும் இல்லை.

கரண்ட் விஷயம் நம் ஊருக்கே உரியது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழும். மாடம் 2ஜிக்கு இறங்கினால் சிக்னல் அனுப்பும் நொடிகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இதோடு ஃபிளாஷ் எழுதுவதும் சேர்ந்தால் பலவீனமான சப்ளை தாங்காது. அதனால் இறக்குவதையும் எழுதுவதையும் பிரித்து வையுங்கள். இறக்கும்போது அறுந்த இடத்திலிருந்து தொடர வேண்டும். எழுதும் முன் மோட்டார் ஓடவில்லை, பேட்டரி போதுமான அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ராஸ்பெர்ரி பையில் சப்ளை சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்ற குறிப்பு சிஸ்டத்திலேயே பதிவாகும். அது ஒருமுறை வந்திருந்தாலும் அந்தப் பெட்டிக்கு அப்டேட்டைத் தள்ளிப்போடலாம். மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவிப்பு பேப்பரில் வந்துவிடும். அந்தப் பகுதிப் பெட்டிகளை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதலில் எந்தப் பெட்டிகளுக்கு அனுப்புவது? நூற்றுக்கு ஒன்று, பத்து என்று கணக்கு வைப்பதைவிட வகைக்கு ஒன்றாக எடுப்பது மேல். ஒவ்வொரு சிம் கம்பெனிக்கும், ஒவ்வொரு போர்டு ரிவிஷனுக்கும், சோலார், பேட்டரி, நேரடி கரண்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அவை எல்லாம் நகரத்துக்குப் பக்கத்தில், பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பூட்லோடரையும் மாடத்தின் உள் ஃபர்ம்வேரையும் சிஸ்டம் அப்டேட்டோடு சேர்த்து அனுப்பாதீர்கள். அவற்றுக்கு இரண்டாவது ஸ்லாட் பெரும்பாலும் கிடையாது.

இதையெல்லாம் மேஜையிலேயே சோதிக்கலாம். பெட்டியின் சப்ளையை ஒரு ரிலே வழியாகக் கொடுத்து, அப்டேட் ஓடும்போது ஏதோ ஒரு நொடியில் கரண்டை வெட்டும்படி சின்ன ஸ்கிரிப்ட் எழுதி இரவு முழுக்க ஓட விடுங்கள். சிம்மைக் கழற்றியும், கடிகாரத்தை 1970-க்குத் தள்ளியும், டேட்டா பார்ட்டிஷனை நிரப்பியும் அதே சோதனையை ஓட்டுங்கள். புது சிஸ்டம் டேட்டாபேஸின் வடிவத்தை மாற்றுகிறது என்றால், பழைய சிஸ்டத்துக்குத் திரும்பியபின் அது அந்த டேட்டாவைப் படிக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் பெட்டி ஒரு தடவையாவது தானாக எழாமல் கிடந்தால் அந்த இமேஜ் மேஜையை விட்டுப் போகக்கூடாது.